ஆமை மேல் ஓர் உலகம், அதில் ஒரு தபால் ஆபீஸ்

வாசகர் கேள்வி – பதில்

ஆங்கில எழுத்தாளர் டெரி பிராட்செட்டின் ‘டிஸ்க்வேர்ல்ட்’ நாவல்களைப் பற்றி வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே சந்தேகம்தான்: அந்தச் சிரிப்புக் கதைகளில் வரும் இயந்திரங்களும் மோசடிகளும் நிஜத்தில் நடந்தவையா? தேர்ந்தெடுத்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறோம்.

தட்டையான உலகம், அதைச் சுமக்கும் யானைகள், யானைகளுக்குக் கீழே ஆமை. இப்படிப்பட்ட கதையில் போய் வரலாற்றைத் தேடலாமா?
(திருநெல்வேலியிலிருந்து ஒரு வாசகர்)

அந்த யானைக்கும் ஆமைக்குமே ஒரு வரலாறு இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் ஜான் லாக், ‘பூமியை யானை தாங்குகிறது, யானையை ஆமை தாங்குகிறது’ என்று சொன்ன ஓர் இந்தியரைத் தன் நூலில் உதாரணம் காட்டினார். நம் எட்டுத் திசை யானைகளும் கூர்மமும் இப்படித்தான் கப்பலேறின. பிராட்செட் அவற்றை நான்கு யானை, ஓர் ஆமை என்று ஆக்கிக்கொண்டார்.

1983 முதல் 2015 வரை மொத்தம் 41 நாவல்கள். தொடக்கத்தில் மந்திரவாதிகளின் கூத்துதான் அதிகம். போகப்போக அங்க்-மார்போர்க் என்ற நகரமே கதாநாயகன் ஆகிவிடுகிறது. 1990ல் வந்த நாவலில் அங்கே சினிமா வருகிறது, 2000ல் செய்தித்தாள், 2004ல் தபால் தலை, 2007ல் காகிதப் பணம், 2013ல் ரயில். நகரத்துக்குள் நிலைத்துவிட்ட தொழில் அடுத்த நாவலிலும் அப்படியே தொடர்கிறது, கூலி கேட்கிறது, பழுதாகிறது. பிராட்செட் உள்ளூர்ப் பத்திரிகை நிருபராக இருந்தவர். பிறகு பிரிட்டனின் மின் உற்பத்தி வாரியத்தில் செய்தித் தொடர்பு அதிகாரியாக வேலை பார்த்தார். அணுமின் நிலையங்களைப் பற்றி ஊர் கேட்கும் கேள்விக்கெல்லாம் பதில் சொல்லும் வேலை அது. இயந்திரத்தைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர் என்பது எழுத்தில் தெரிகிறது.

‘கோயிங் போஸ்டல்’ நாவலில் கோபுரத்துக்குக் கோபுரம் சைகை காட்டிச் செய்தி அனுப்பும் ‘கிளாக்ஸ்’ கோபுரங்கள் போல உண்மையில் இருந்தனவா? அதை ‘ஹேக்’ செய்வதாக வருவது இன்றைய கணினியைப் பார்த்து எழுதியதா?
(கோயம்புத்தூர் வாசகி)

இருந்தன. அந்த ‘ஹேக்’கும் நடந்திருக்கிறது, கணினிக்கு நூறு வருஷம் முன்பே.

பிரான்சில் கிளாட் ஷாப் 1794ல் பாரிஸிலிருந்து லீல் நகரம் வரை முதல் கோபுர வரிசையை அமைத்தார். சுமார் 10 கிலோமீட்டருக்கு ஒரு கோபுரம். உச்சியில் ஒரு நீண்ட மரச்சட்டம், அதன் இரண்டு முனைகளிலும் ஒவ்வொரு கை. கை ஒவ்வொன்றும் 45 டிகிரி இடைவெளியில் ஏழு நிலைகளில் நிற்கும். எட்டாவது நிலையில் கையும் சட்டமும் ஒரே கோட்டில் நீண்டுவிடும், தூரத்திலிருந்து பிரித்துப் பார்ப்பது கஷ்டம் என்பதால் அதை விட்டுவிட்டார்கள். சட்டம் படுக்கையாகவோ செங்குத்தாகவோ நிற்கும். ஆக 7 × 7 × 2 = 98 சின்னங்கள். அதில் ஆறு ஊழியர்களின் உபயோகத்துக்குப் போக, மிச்சம் 92. குறியீட்டுப் புத்தகத்தில் 92 பக்கம், பக்கத்துக்கு 92 சொல். முதல் சின்னம் பக்கத்தைச் சொல்லும், இரண்டாவது வரியைச் சொல்லும். இரண்டே அசைவில் 8,464 சொற்களில் ஒன்றை அனுப்பிவிடலாம்.

கீழே அறையில் இருப்பவர் மேலே பார்க்க வேண்டியதில்லை. கயிறும் கப்பியும் மேலிருக்கும் கைகளை இயக்கும்போதே அறைக்குள் உள்ள ஒரு சின்ன மாதிரியும் அதே மாதிரி அசையும். இரு பக்கச் சுவரிலும் தொலைநோக்கிகள். ஒன்று முந்தைய கோபுரத்தைப் பார்க்கும், மற்றது அடுத்த கோபுரம் நாம் காட்டியதைச் சரியாகத் திருப்பிக் காட்டுகிறதா என்று பார்க்கும். கைகளை அமைக்கும்போது சட்டம் சாய்வாக நிற்கும். அது நேராகவோ படுக்கையாகவோ வந்த பிறகுதான் சின்னம் செல்லும். பாதி அசைவை யாரும் சின்னமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு இந்த ஏற்பாடு.

அதே காலத்தில் இங்கிலாந்துக் கடற்படை ஆறு பலகைகளைத் திறந்து மூடும் முறையை எடுத்துக்கொண்டது, 64 சேர்க்கை. ஸ்வீடனில் எடல்கிராண்ட்ஸ் பத்துப் பலகை வைத்தார், 1,024 சேர்க்கை. நாவலின் கிளாக்ஸ் இந்தப் பலகைக் குடும்பம்தான். நாவலில் இரவில் விளக்கு வைத்துச் செய்தி போகும். ஷாப் விளக்கு வைத்துப் பார்த்தும் அது நிலைக்கவில்லை. மூடுபனியும் இருட்டும் கடைசிவரை அவருடைய கோபுரங்களுக்குப் பகை. கிழக்கிந்தியக் கம்பெனியும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தாவிலிருந்து சூனார் நோக்கி இப்படி ஒரு கோபுர வரிசை கட்டியது. மேற்கு வங்கத்தில் அந்தச் செங்கல் கோபுரங்களில் சில இன்னும் நிற்கின்றன.

இப்போது மோசடி. போர்தோ நகரத்தில் பிளாங்க் சகோதரர்கள் இருவர் கடன் பத்திர வியாபாரம் செய்தார்கள். பாரிஸ் சந்தையில் விலை ஏறியதா இறங்கியதா என்பது போர்தோவுக்குத் தபால் வண்டியில் வந்து சேர நாள்கணக்காகும். கோபுரமோ அரசாங்கச் செய்திக்கு மட்டும். 1834ல், பாரிஸுக்கும் போர்தோவுக்கும் நடுவில் இருக்கும் தூர் நகரக் கோபுர ஊழியர் ஒருவருக்குப் பணம் கொடுத்தார்கள். பாரிஸிலிருந்த அவர்களுடைய ஆள் தூர் வரை ஒரு பார்சல் அனுப்புவார், உள்ளே இருக்கும் துணியைப் பார்த்தாலே சந்தையின் போக்கு தெரிந்துவிடும். ஊழியர் அரசாங்கச் செய்தியின் நடுவில் ஒரு பொய்ச் சின்னத்தைச் சேர்த்து, உடனே ‘முந்தையது தவறு, அடித்துவிடு’ என்ற சின்னத்தையும் போடுவார். செய்தி பெறும் அலுவலகத்தில் இரண்டையும் நீக்கிவிடுவார்கள். ஆனால் போர்தோ கோபுரத்தைத் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும் கூட்டாளிக்கு அந்தப் பொய்ச் சின்னம்தான் வேண்டும்.

ஏன் பாரிஸிலேயே சேர்க்கவில்லை? தூர் நகரத்தில் செய்தியைப் பிரித்துப் படித்து, பிழை திருத்தி, மறுபடி அனுப்பும் அதிகாரி ஒருவர் இருந்தார். அவரைத் தாண்டினால் பொய்ச் சின்னம் மிஞ்சாது. அதனால் அவருக்கு அப்புறம்தான் கை வைக்க வேண்டும். 1836ல் பிடிபட்டார்கள். விசாரணையில் அவர்களைத் தண்டிக்கச் சரியான சட்டம் இல்லை என்று தெரியவந்தது. தந்தி அரசின் ஏகபோகம் என்ற சட்டம் 1837ல்தான் வந்தது.

நாவலில் கிளாக்ஸைக் கட்டிய குடும்பத்தைக் கணக்குப் புத்தகத் தந்திரத்தால் வெளியேற்றிவிட்டு, நிதிக்காரர்கள் அதைக் கைப்பற்றுகிறார்கள். முதலில் அவர்கள் வெட்டுவது பராமரிப்புக்காகத் தினமும் வேலையை நிறுத்தி வைக்கும் அந்த ஒரு மணி நேரத்தை. அப்புறம் கோபுரத்திலிருந்து ஆள் விழுந்து சாகிறான். 1996ல் தனியாருக்குப் போன பிரிட்டிஷ் ரயில் தண்டவாளங்கள், 2000 அக்டோபரில் விரிசல் கண்ட தண்டவாளம் நொறுங்கி ஹாட்ஃபீல்டில் நான்கு பேர் இறந்த விபத்து, இதெல்லாம் நினைவில் இருந்த வாசகர்களுக்கு 2004ல் வந்த இந்தப் பக்கங்கள் அந்நியமாக இருந்திருக்காது. எங்கள் வாசிப்பில் அந்த நாவலின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

அதே நாவலில் மக்கள் தபால் தலையைப் பணமாகப் புழங்குவது மிகை இல்லையா?
(சேலம்)

மிகை இல்லை. 1862ல் அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது சில்லறைக் காசு சந்தையிலிருந்து மறைந்தது. மக்கள் தபால் தலையைக் கொடுத்து வாங்கினார்கள். கைமாறக் கைமாறப் பசை ஈரமாகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. ஜான் கால்ட் என்பவர் தலையைப் பித்தளை உறையில் அடைத்து, மேலே மைக்காத் தகடு வைத்து நாணயம் போலவே விற்றார். அரசாங்கமும் தபால் தலைப் படம் போட்ட சிறு நோட்டுகளை வெளியிட்டது.

தலையின் கணக்கும் பணக் கணக்குத்தான். லண்டனிலிருந்து எடின்பரோவுக்கு ஒரு கடிதத்தைக் கொண்டுபோக ஆகும் செலவு ஒரு பென்னியில் 36ல் ஒரு பங்குதான் என்று பிரிட்டனின் தபால் சீர்திருத்தக்காரர் ரோலண்ட் ஹில் 1837ல் கணக்குப் போட்டுக் காட்டினார். மிச்சமெல்லாம் தூரம் அளந்து, கணக்கெழுதி, வாங்குபவரிடம் வசூலிக்கும் செலவு. அதனால் ஒரே கட்டணம், முன்பணம். 1840 மே மாதம் வந்த முதல் தபால் தலையான பென்னி பிளாக் தாளில் வரிசைக்கு 12 தலை, 20 வரிசை, மொத்தம் 240. ஒரு வரிசை ஒரு ஷில்லிங், முழுத் தாள் ஒரு பவுண்டு. கிளார்க் எண்ணவே வேண்டாம், கத்தரித்துக் கொடுத்தால் போதும். தவறு நேர்ந்தது மையில். கறுப்புத் தலையின் மேல் குத்திய சிவப்பு முத்திரையைச் சிலர் அழித்துவிட்டு மறுபடி ஒட்டினார்கள். அடுத்த வருஷமே தலை சிவப்பாகவும் முத்திரை கறுப்பாகவும் மாறின.

‘பூட்ஸ் கொள்கை’ என்று இணையத்தில் அடிக்கடி பார்க்கிறேன். என்ன அது?
(கல்லூரி மாணவி, திருச்சி)

1993ல் வந்த ‘மென் அட் ஆர்ம்ஸ்’ நாவலில் காவல் தலைவர் வைம்ஸ் போடும் கணக்கு. மாதச் சம்பளம் 38 டாலர். நல்ல பூட்ஸ் 50 டாலர், வருஷக்கணக்கில் உழைக்கும். மட்டமானது 10 டாலர், ஒன்றிரண்டு பருவத்தில் அட்டை பிய்ந்து ஒழுகும். பத்து வருஷத்தில் ஏழை 100 டாலர் செலவழித்திருப்பான், காலும் நனைந்தே இருக்கும். மொத்தமாகப் போட 50 டாலர் கையில் இல்லாததற்கு அவன் கட்டும் அபராதம் அந்த அதிகப்படி 50. பிரிட்டனில் 2022ல் மலிவு மளிகைப் பொருள்களின் விலையேற்றத்தைத் தனியாகக் கணக்கெடுக்க வேண்டும் என்று வறுமை ஒழிப்புப் பிரசாரகர் ஜாக் மன்றோ கேட்டபோது, அந்த விலைக் குறியீட்டுக்கு வைம்ஸ் பூட்ஸ் பெயரை வைக்கப் பிராட்செட் குடும்பத்தார் அனுமதி கொடுத்தார்கள்.

‘மேக்கிங் மணி’ நாவலில் வங்கியின் நிலவறையில் தண்ணீர் ஓடும் கண்ணாடி இயந்திரம் ஒன்று நகரத்தின் பொருளாதாரத்தையே கணிக்கிறது. இது சுத்தக் கற்பனைதானே?
(சென்னை, வங்கி ஊழியர்)

நீங்கள் வங்கிக்காரர், இதை ரசிப்பீர்கள். நியூசிலாந்துக்காரரான பில் பிலிப்ஸ் 1949ல் லண்டன் பொருளாதாரக் கல்லூரியில் இதைக் கட்டிக் காட்டினார். ஏறக்குறைய இரண்டு மீட்டர் உயரம். போரில் மிஞ்சிய விமான உதிரி பாகங்களும் பிளாஸ்டிக் தொட்டிகளும். சாயம் கலந்த தண்ணீரை ஒரு பம்பு மேலே ஏற்றும். அது வருமானம். கீழே வரும் வழியில் ஒரு குழாய் வரியாகப் பிரியும், ஒன்று சேமிப்பாக, ஒன்று இறக்குமதியாக. மிச்சம் நுகர்வு. அரசுச் செலவும் முதலீடும் ஏற்றுமதியும் பக்கவாட்டிலிருந்து வந்து கலக்கும். ஒவ்வொரு வால்வையும் ஒரு மிதவை திறந்து மூடும். தொட்டியில் மட்டம் ஏறினால் மிதவை ஏறும், அதோடு கட்டிய கயிறு இன்னொரு வால்வை நகர்த்தும். வட்டி விகிதத்துக்கும் முதலீட்டுக்கும் உள்ள உறவு ஒரு பிளாஸ்டிக் தகட்டில் வெட்டிய வளைவு. கோட்பாடு மாறினால் தகட்டைக் கழற்றி வேறு தகடு சொருக வேண்டியதுதான். பேனா ஒன்று வரைபடத் தாளில் முடிவைக் கீறிக்கொண்டே போகும்.

ஜேம்ஸ் மீட் என்ற பேராசிரியர் ஒரு மாணவரை நிதி அமைச்சராகவும் இன்னொருவரை மத்திய வங்கித் தலைவராகவும் இதன் முன் நிறுத்துவார். இருவரும் பேசிக்கொள்ளாமல் ஆளுக்கொரு வால்வைத் திருகினால் தண்ணீர் மட்டம் ஒரேயடியாக ஏறி இறங்கும். தொட்டி நிரம்ப நேரம் ஆகிறது, அதற்குள் பொறுமையிழந்து இன்னொரு திருகு. வட்டி விகித முடிவு சந்தையைத் தொடுவதற்கு ஆகும் தாமதம் உங்களுக்குத் தெரிந்த விஷயம்தான். அதைக் கண்ணால் பார்க்க இதைவிட நல்ல கருவியை நாங்கள் அறியோம். நாவலில் ஒரு திருப்பம்: இயந்திரம் மிகத் துல்லியமாகிவிட, தண்ணீரைக் கூட்டினால் நிஜ வங்கியில் தங்கம் கூடுகிறது. கேம்பிரிட்ஜில் ஓர் இயந்திரம் இன்றும் ஓடும் நிலையில் இருக்கிறது.

‘தி ட்ரூத்’ நாவலில் மந்திரவாதிகள் அச்சு எழுத்தைக் கண்டு ஏன் பயப்படுகிறார்கள்?
(மயிலாடுதுறை)

மந்திரப் புத்தகம் அச்சடித்த அதே ஈய எழுத்தைக் கலைத்து, அடுத்த நாள் சமையல் புத்தகத்துக்குக் கோத்தால், எழுத்தின் ஞாபகம் சமையலில் கலந்துவிடாதா என்பது அவர்கள் கவலை. இந்தக் கவலைக்குப் பின்னால் அதிகாரமும் இருக்கிறது. துருக்கி சுல்தான் 1727ல் இப்ராஹிம் முத்தஃபரிக்காவுக்கு அச்சகம் நடத்த அனுமதி கொடுத்தபோது, மத நூல்களை அச்சடிக்கக் கூடாது என்றுதான் கொடுத்தார். எழுத்து மாற்றிக் கோக்கும் பொருளாகிவிட்டால், எதை யார் எழுதலாம் என்ற பிடி தளர்ந்துவிடும்.

உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. தரங்கம்பாடியில் ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்குவின் அச்சகத்துக்கு ஜெர்மனியின் ஹாலே நகரத்திலிருந்து 1713ல் தமிழ் எழுத்து வந்தது. எழுத்துகள் பெரிய பெரியதாக இருந்தன. அந்த அளவில் புதிய ஏற்பாட்டை அச்சடித்தால் காகிதம் போதாது. அங்கேயே சிறிய எழுத்து வார்க்க முடிவு செய்தார்கள். ஈயத்துக்கு எங்கே போவது? லண்டன் கிறிஸ்தவச் சங்கம் அனுப்பிய பாலாடைக்கட்டியைச் சுற்றி வந்த ஈயத் தகட்டை உருக்கினார்கள் என்று அச்சு வரலாற்று நூல்கள் சொல்கின்றன. வெறும் ஈயம் மிருது, நாலு தரம் அழுத்தினால் முனை மழுங்கிவிடும். அதனால்தான் எழுத்து வார்ப்பில் ஆன்டிமனி சேர்ப்பார்கள், கெட்டிப்படும், ஆறும்போது அதிகம் சுருங்காமலும் இருக்கும். கொஞ்சம் வெள்ளீயம் சேர்த்தால் உலோகம் அச்சின் மூலைவரை ஓடும். ‘ஞ’வின் சுழி நிரம்பாமல் போனால் அந்த எழுத்தை மறுபடி உருக்க வேண்டியதுதான்.

நாவலின் தொடக்கத்தில் குள்ளர்கள் ஈயத்தைத் தங்கமாக்குகிறார்கள் என்று ஊரெல்லாம் வதந்தி. அவர்கள் அச்சகம் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

‘ரெய்சிங் ஸ்டீம்’ தொடக்கத்தில் கொல்லர் நெட் சிம்னெல் பாய்லர் வெடித்துச் சாகிறார். கொதிக்கும் தண்ணீர் அவ்வளவு பலமாக வெடிக்குமா?
(பாலிடெக்னிக் மாணவர், ஈரோடு)

வெடிக்கும். காரணம் ஆவியைவிடத் தண்ணீர். சதுர அங்குலத்துக்கு 50 பவுண்டு அழுத்தத்தில் பாய்லருக்குள் தண்ணீர் சுமார் 148 டிகிரி செல்சியஸில் கொதிக்காமல் இருக்கும். தகடு கிழிந்து அழுத்தம் சட்டென்று விழுந்தால், 100 டிகிரிக்கு மேலிருக்கும் வெப்பமெல்லாம் அந்தக் கணமே ஆவியாக்கத்துக்குப் போகும். ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 90 கிராம் ஆவியாகும். அந்த 90 கிராம் ஏறக்குறைய 150 லிட்டர் இடத்தைப் பிடிக்கும். பாய்லரில் எத்தனை நூறு லிட்டர் இருக்கிறதோ, பெருக்கிப் பாருங்கள்.

வெடிப்பதற்கு வழக்கமான காரணங்கள் இரண்டு. ஒன்று, நீர்மட்டம் இறங்கி, தீயறையின் மேல்தகடு தண்ணீருக்கு வெளியே வந்துவிடுவது. தண்ணீர் இல்லாத தகடு பழுத்து, மெத்தென்றாகி உள்ளே அமுங்கும். இரண்டு, பாதுகாப்பு வால்வை யாராவது அடைத்து வைப்பது. 1803ல் லண்டன் கிரீனிச்சில், நீராவி எந்திர முன்னோடி ட்ரெவிதிக்கின் எந்திரம் வெடித்து நான்கு பேர் இறந்தார்கள். அதைக் கவனிக்க வேண்டிய பையன் விலாங்கு மீன் பிடிக்கப் போயிருந்தான். வேறொருவர் எந்திரத்தை நிறுத்தினார், வால்வைத் திறந்துவிடவில்லை. அதன் பிறகு ட்ரெவிதிக் கூடுதல் வால்வும், நீர்மட்டம் இறங்கினால் உருகி வழிவிடும் ஈய அடைப்பும் வைத்தார். 1831ல் அமெரிக்காவின் சார்ல்ஸ்டனில், ஆவி சீறும் சத்தம் பொறுக்காமல் தீ போடுபவர் வால்வை அழுத்திப் பிடித்தார். பாய்லர் வெடித்தது, அவர் இறந்தார். அவர் ஓர் அடிமை. அந்த வால்வு எதற்கு என்று அவருக்கு யாராவது சொல்லிக்கொடுத்தார்களா என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

1829 அக்டோபரில் இங்கிலாந்தில் ரயில் எஞ்சின்களுக்காக ஒரு ரயில் கம்பெனி நடத்திய ரெயின்ஹில் போட்டியின் விதிகளைப் பாருங்கள்: அழுத்தம் 50 பவுண்டுக்கு மேல் போகக் கூடாது, பாய்லரைக் குளிர்ந்த தண்ணீரால் 150 பவுண்டு வரை சோதித்துப் பார்க்கக் கம்பெனிக்கு உரிமை உண்டு, வால்வு இரண்டு வேண்டும், அதில் ஒன்று ஓட்டுநரின் கைக்கு எட்டாத இடத்தில் இருக்க வேண்டும். இந்த விதிகள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் பிணங்கள் உண்டு. சோதனைக்குக் குளிர்ந்த தண்ணீர் ஏன் என்பதற்கும் மேலே சொன்ன கணக்குதான் பதில், குளிர்ந்த நீர் விரியாது, தகடு கிழிந்தாலும் ஒழுகலோடு போகும். நாவலில் மகன் டிக் சிம்னெல் அப்பா செய்யாததைச் செய்கிறான்: அளக்கிறான், ஸ்லைடு ரூலில் கணக்குப் போடுகிறான், அப்புறம்தான் தீ மூட்டுகிறான்.

எதில் தொடங்கிப் படிப்பது?
(நாகர்கோவில்)

‘கோயிங் போஸ்டல்’. முதல் நாவலில் தொடங்க வேண்டிய கட்டாயம் இல்லை.

பள்ளி அறிவியல் கண்காட்சிக்குக் கிளாக்ஸ் போல ஒன்று செய்ய மாணவர்கள் ஆசைப்படுகிறார்கள். தமிழில் செய்தி அனுப்ப முடியுமா? எத்தனை பலகை வேண்டும்?
(அரசு மேல்நிலைப் பள்ளி ஆசிரியை, புதுக்கோட்டை மாவட்டம்)

அருமையான கேள்வி டீச்சர், விவரமாகச் சொல்கிறோம். எட்டுப் பலகை வைத்தால் 256 சேர்க்கை. எல்லாம் மூடிய நிலை ஓய்வு நிலை, மிச்சம் 255. நம் 247 எழுத்தும் அடங்கி எட்டு மிஞ்சும், ஆனால் எண்களுக்கும் ஜ, ஷ, ஸ, ஹ வரிசைகளுக்கும் இடம் இல்லை, பிள்ளைகளுக்கு மனப்பாடமும் ஆகாது. உயிர், மெய், ஆய்தம் மட்டும் என்றால் 31. ஐந்து பலகையில் 32, ஓய்வு நிலை போகச் சரியாக 31! ஆனால் ‘தவறு’, ‘சொல் முடிந்தது’ என்று சொல்லச் சின்னம் மிஞ்சாது. ஆறு பலகை வையுங்கள். 31 எழுத்து போக 32 சின்னம் கையில் இருக்கும்.

பலகைகளுக்கு 1, 2, 4, 8, 16, 32 என்று மதிப்பு எழுதுங்கள். திறந்த பலகைகளின் கூட்டுத்தொகைதான் எழுத்தின் எண். அ முதல் ஔ வரை 1–12, ஃ 13, க் முதல் ன் வரை 14–31. ‘தமிழ்’ என்றால் த் (20), அ (1), ம் (23), இ (3), ழ் (28). ஐந்து அசைவு. 20க்கு 16ம் 4ம் திறக்க வேண்டும். உயிர்மெய்யைப் பிரிக்கத் தெரியாத பிள்ளை ஒரு மதியத்தில் கற்றுக்கொண்டுவிடும்.

பலகை 30 செ.மீ. சதுரம், மெல்லிய பிளைவுட், மங்கலான கறுப்புப் பெயின்ட். பளபளப்பு வேண்டாம், வெயில் பட்டால் வெள்ளையாகத் தெரியும். இரண்டு பத்தி, மூன்று வரிசை, நடுவிலும் ஓரத்திலும் 10 செ.மீ. சட்டம். மொத்தச் சட்டகம் 90க்கு 130 செ.மீ. ஒவ்வொரு பலகைக்கும் நடுவில் குறுக்கே ஒரு கம்பி அச்சு. கீழ் விளிம்பில் நாலைந்து நட்டுகளைத் திருகுங்கள், கயிற்றை விட்டால் தானே மூடிக்கொள்ளும். காற்றில் பலகை ஆடினால் நட்டைக் கூட்டுங்கள். கயிறுகள் ஒன்றோடொன்று சிக்குவதுதான் முதல் நாள் தலைவலி, ஒவ்வொன்றையும் தனித்தனி வளையத்தின் வழியே இறக்கி ஆறு நிறம் கொடுங்கள். சட்டகத்தை மொட்டை மாடியில், பின்னால் வானம் தெரியும்படி நிறுத்துங்கள். மரம் பின்னால் இருந்தால் திறந்ததும் மூடியதும் ஒன்றாகத் தெரியும்.

நல்ல கண்ணால் 100 மீட்டரில் சுமார் 3 செ.மீ. வரை பிரித்துப் பார்க்க முடியும், அதனால் 10 செ.மீ. சட்டம் தெளிவாகத் தெரியும். 400 மீட்டரில் அதுவே கண்ணின் எல்லை, பைனாகுலர் வேண்டும். மதிய வெயிலில் மொட்டை மாடிக் கானல் எல்லாவற்றையும் நெளிய வைக்கும், காலை ஒன்பதரைக்குள் சோதனையை முடித்துவிடுங்கள்.

மூன்று நிலையமாவது வையுங்கள், இரண்டு போதாது. நடு நிலையத்தில் இருப்பவர் படித்ததை அப்படியே திருப்பிக் காட்ட வேண்டும், அனுப்பியவர் அதைப் பார்த்துச் சரி என்ற பிறகே அடுத்த எழுத்து. பலகைகள் அசையாமல் நின்று மூன்று விநாடி ஆன பின் படிக்கச் சொல்லுங்கள். நிலையத்துக்கு இரண்டு பேர், ஒருவர் கண், ஒருவர் கை. கண்ணுக்கு உட்காருபவரை இருபது நிமிஷத்துக்கு ஒரு தரம் மாற்றிவிடுங்கள்.